பாதரசப் பெட்டியோடு சிங்கப்பூருக்கு

போன வாரம் மலாக்காவில், பாச்சாங்கில் இருக்கும் கிளினிக்குக்குப் போயிருந்தேன். வழக்கமான சங்கதிதான் — சீனி, பிரஷர், கால் வீக்கம். இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் கால் வீக்கம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

நர்ஸ் பெண் கையில் பட்டையைச் சுற்றினாள். மெஷின் உர்ரென்றது.

"பிரஷர் கொஞ்சம் ஹைலா இருக்கு ஆன்ட்டி."

"மெஷின் சரியா காட்டுதாம்மா?"

"சரிதான் லா. போன மாசம்தான் காலிப்ரேஷனுக்கு அனுப்பி வந்துச்சு. ஸ்டிக்கர் பாருங்க."

"யாரு கொண்டு போனா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "கூரியர்தான் ஆன்ட்டி. வேற யாரு கொண்டு போவா?"

நான் கொண்டு போயிருக்கிறேன். மடியில் வைத்துக்கொண்டு, மலாக்காவிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும்.

அப்போது வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் நாங்கள். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் சோதனை. ஒரு பிடி அரிசி மடியில் இருந்தாலும் கேள்விதான். மருந்து என்றால் சொல்லவே வேண்டாம் — காட்டுக்குப் போகிறது என்று பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள்.

அலோர்காஜா பக்கம் ஒரு தோட்ட மருத்துவமனையில், கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரசருக்கு உதவியாக இருந்தேன். வெள்ளைக்கார டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் டிரசர் ஆரோக்கியசாமிதான் டாக்டர். சிரிக்கத் தெரியாத மனிதர். 'நல்லாயிருக்கியா' என்று கேட்பதைக்கூட அதட்டித்தான் கேட்பார்.

என் வீட்டுக்காரர் தங்கராசு சிங்கப்பூரில் இருந்தார். கல்யாணமாகிச் சில மாதம்தான் சேர்ந்து இருந்தோம். தொழிற்சங்கத்துக்குத் தோட்டக் குடியிருப்புகளில் லயம் லயமாகப் போய்ச் சந்தா வாங்கியவர் அவர். வேலை தேடி அவர் சிங்கப்பூர் போன கொஞ்ச நாளில் இங்கே அவசரகாலம் வந்தது. அவரோடு சந்தா வாங்கியவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். இந்த நிலைமையில் 'வாங்க' என்று எப்படிக் கூப்பிடுவது? 'வராதீங்க' என்று நானே ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினேன்.

கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்கள் என்று பயம். அதனால் 'நலம், நலமறிய ஆவல்' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ஆவல்... அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவைத்தான் அடைக்க முடியும்?

டாக்டர்மார் கருவிகளைச் சரிபார்க்கும் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது.

ஒருநாள் காலையில் டிரசர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் பிரஷர் பெட்டி. மூடியைத் தூக்கி நிறுத்தினால், உள்ளே கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறி இறங்குமே, அந்தக் காலத்துப் பெட்டி.

"இது பத்து கூடக் காட்டுது. சிங்கப்பூருக்குப் போய் அளவு பாத்து வரணும். லாரியில போட்டா பாதரசம் கொட்டிப்போகும். ஆள்தான் மடியில வெச்சுக் கொண்டு போகணும்."

"சரிங்க ஐயா."

"நான் ஆஸ்பத்திரிய விட்டு நகர முடியாது. நீ போ. பெர்மிட்டுக்கு டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன்."

எந்தப் பட்டறை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் டிரசருக்குத் தெரிந்த பட்டறை ஒன்றுதான்.

"தாலிய ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்க. பாதரசம் பட்டா தங்கம் வெளுத்துப் போகும்" என்றார்.

போட்டுக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் செய்தேன். பட்டையில் இருந்த காற்றை அழுத்தி வெளியேற்றினேன். ரப்பர் குழாய் மடங்காமல் சுருட்டி வைத்தேன். பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, விரலால் மெல்லத் தட்டி, குழாயில் ஒட்டியிருந்த பாதரச மணிகள் எல்லாம் அடிக்கிண்ணத்துக்குத் திரும்பியதும் அந்தச் சாய்விலேயே குட்டித் திருகைப் பூட்டினேன்.

"கண்ணாடிய மட்டும் துடை. வேற எதுலயும் கை வெக்காத. கோளாறு எப்படி இருக்கோ அப்படியே போய்ச் சேரணும். நாம சரிபண்ணி அனுப்பிட்டா அவங்க அங்க எதைக் கண்டுபிடிப்பாங்க?"

இலவம்பஞ்சை நாலு பக்கமும் அடைத்துத் துணியில் கட்டினேன். பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு, தம்பின் டவுன் ரயிலடிக்குப் போகும் தோட்ட லாரியில் ஏறினேன்.

வழியில் சோதனை. வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன், கூடவே ஒரு மலாய்க் கான்ஸ்டபிள். கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். கண்ணாடிக் குழாயையும் ரப்பர் குழாயையும் பார்த்ததும் வெடிகுண்டோ என்று சிப்பாய் ஓரடி பின்னால் போய்த் துப்பாக்கியைத் தூக்கினான்.

"ஹாஸ்பிட்டல் புஞ்யா, துவான்" என்றேன். மருத்துவமனையுடையது, ஐயா என்று மலாயில். பெர்மிட்டை நீட்டினேன். அவன் பெர்மிட்டைப் பார்க்கவில்லை. திருகைத் திறக்கக் கை நீட்டினான். பெட்டி சாய்ந்து கிடந்தது. அப்படியே திறந்தால் எல்லாம் கொட்டிவிடும். பாதரசம் இல்லாத பெட்டியோடு சிங்கப்பூருக்கு ஏன் போக வேண்டும்? அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. சட்டென்று பெட்டியை லாரியின் பின்பலகைமேல் நேராக நிறுத்தி, நானே திருகைத் திறந்தேன். "தாங்ஙான்" என்றேன் — கை. கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் என்னவோ சொன்னார். சிப்பாய் துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினான்.

பட்டையைச் சுற்றி, மணிக்கட்டில் விரல் வைத்துக் காற்றடித்தேன். எப்பேர்ப்பட்ட துடிப்பு... மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். பாதரசம் எங்கள் வார்டுக் கிழவர்களுக்கு ஏறுகிற உயரத்துக்கு ஏறித்தான் நின்றது. அவனுக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும், வராதே என்றோ வா என்றோ சொல்ல ஒருத்தி இருப்பாள் என்று தோன்றியது.

எப்படி இருக்கிறது என்று கண்ணாலேயே கேட்டான்.

"குட்" என்றேன்.

நான் மறுபடி சாய்த்து, தட்டி, பூட்டி முடிக்கும்வரை பெட்டியைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

சிங்கப்பூரில் பட்டறை வாசலில் நின்றபோது மாலை வெயில் தாழ்ந்திருந்தது. தங்கராசு குனிந்து எதையோ அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். சுற்றிலும் ஆட்கள்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"பெட்டி கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

அன்று அவர் ஆறு ஆண்களோடு ஓர் அறையில் படுக்க, நான் முதலாளி வீட்டம்மாவோடு படுத்தேன். புருஷனைப் பார்க்கப் போன லட்சணம் அது. ஆனால் மறுநாள் காலை முழுவதும் அவர் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். பட்டறைப் பெட்டியையும் எங்கள் பெட்டியையும் ஒரே குழாயில் இணைத்தார். காற்றை ஏற்றினார், நிறுத்தினார், இரண்டு பாதரசத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே. கொஞ்சம் இளைத்திருந்தார். காதோரம் நரை.

"இதுல ஒரு கோளாறும் இல்லையே புள்ள."

"பத்து கூடக் காட்டுதுன்னு டிரசர் ஐயா சொன்னாரே?"

"ஒன்னுகூடக் காட்டல. சுத்தமா இருக்கு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மெதுவாகக் காற்றுத் திருகைத் திறந்து மறுபடியும் முதலிலிருந்து சோதிக்க ஆரம்பித்தார். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பியதும் பெட்டியை டிரசர் மேசைமேல் வைத்தேன்.

"சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சுங்க ஐயா."

"ம். வருஷா வருஷம் பாக்கணும் இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அடுத்த வருடமும் போனேன். அதற்குப் பிறகு மலாக்காவில் எங்கள் பக்கத்தைக் கம்யூனிஸ்டு தொல்லை நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள், கெடுபிடி தளர்ந்தது. தங்கராசு வந்தார். பாச்சாங்கில் வீடு பார்த்தோம், பிள்ளைகள் பெற்றோம். அவர் போய்ச் சேர்ந்தும் வருடங்கள் ஆகிவிட்டன. எத்தனையோ காலம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். ஆனாலும் மனசு போய் உட்காருவது அந்தப் பட்டறை முக்காலியில்தான்... ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

டிரசருக்கு வடக்கே கெடாவுக்கு மாற்றல் வந்தபோது தோட்டமே திரண்டு மாலை போட்டது. நானும் போட்டேன். சிங்கப்பூர்ப் பேச்சை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை, பெட்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அதட்டிவிட்டு வண்டியேறினார்.

சில உதவிகளுக்கு நன்றி சொன்னால், செய்தவர் மாட்டிக்கொள்வார்.