மசுயோ படிக்காமல் வைத்த முத்திரை

எங்கள் ஊர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் இடது கைப் பக்கம் முதல் கடை குருமாதானி மசுயோவுடையது. கொரோக்கே கடை. வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, கொஞ்சம் கொத்துக்கறி சேர்த்து, ரொட்டித் தூளில் புரட்டி எண்ணெயில் போட்டு எடுப்பாள். கடையின் அகலம் மூன்று மீட்டர். அவள் வாயின் அகலம் அதைவிட அதிகம் என்று தெருவில் சொல்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் சிரிப்பாள்.

அடுத்தது என் மெத்தைக் கடை. அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் என்னை மெத்தை என்பாள். ஹோசாகா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதையே அவள் மதித்ததில்லை. அவளுடைய எண்ணெய் வாடை ஏறிய மெத்தைகளைத்தான் நாற்பது வருஷம் விற்றேன். கேட்டால், "வாங்குறவன் கனவுலயும் வயிறார சாப்பிடட்டும்டா" என்பாள்.

இப்போது அவள் கடை இருந்த அந்த மூலை என்னுடையது. எப்படி என்னுடையதாயிற்று என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

நிலையத்தின் முன்னால் இருந்த மொத்தத்தையும் இடித்துக் கட்டுவது என்று நகராட்சி முடிவு செய்தது. நகராட்சிக்கு இங்கே ஒரு பழைய தீயணைப்பு நிலையம், அங்கே ஒரு பேருந்து நிறுத்தும் இடம், நடுவில் மூடிக்கிடந்த ஒரு நூலகம். எங்கள் கடைகளும் அதே மாதிரி சிதறிக் கிடந்தன. அவர்கள் துண்டை எங்களுக்கும் எங்கள் துண்டை அவர்களுக்கும் மாற்றிக்கொண்டு, எல்லாம் ஒரே சதுரம் ஆனதும் இருபது மாடி எழுப்புவதாகத் திட்டம். நிலம் கொடுத்தவனுக்கு ஈடாகக் கீழே ஒரு கடையோ மேலே ஒரு வீடோ கிடைக்கும்.

மசுயோ கேட்டது ஒன்றே ஒன்று. புதுக் கட்டடத்திலும் அதே இடம் வேண்டும். இடது கைப் பக்கம், தரைத்தளம், தெருவைப் பார்த்த முதல் கடை.

"அந்த மூலை உங்களுக்குத்தான், மசுயோ-சான். நான் இருக்கேன்ல?" என்றார் இவகோஷி, பெயரோடு மரியாதைக்கு ஒரு சான் சேர்த்து. கிமோனோ வியாபாரி, தெருச் சங்கத்தின் தலைவர். வாயால் சொன்னதோடு சரி. எழுதித் தாருங்கள் என்று தலைவரிடம் கேட்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மூன்று வருஷம் சங்கத்துக்கு நாயாய் உழைத்தாள். ஒப்புதல் தாள்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் முத்திரை வாங்கினாள். எங்கள் ஊரில் கையெழுத்துக்கு யார் மதிப்புக் கொடுத்தார்கள்? ஆளுக்கொரு சின்ன வட்டப் பெயர் முத்திரை உண்டு, சிவப்பு மையில் தொட்டு வைத்தால்தான் பேச்சு. தெருவில் எல்லாருடைய முத்திரையும் மசுயோவுக்கு அத்துப்படி. யாருடையது கோணல், யாருடையதில் மை திட்டாக விழும் என்று சொல்லுவாள். என்னுடையதில் மேல் விளிம்பு ஒரு சில்லு உடைந்திருக்கும். "உன் புத்தி மாதிரியே மூளியா இருக்கு" என்பாள்.

முத்திரை வைக்காமல் நின்றவர் தையற்காரர் செகிதோ ஒருவர்தான். வம்புக்காரர் இல்லை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை படிப்பார். அதுதான் அவர் செய்த குற்றம். ஒருநாள் அவர் கடை வாசலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நிற்கும்போதே மசுயோ பிடித்துக்கொண்டாள்.

"என்ன செகிதோ-சான், படிக்கிறீங்களா, இல்லை தாளுக்குக் கோட்டு தைக்க அளவெடுக்கிறீங்களா?"

எல்லாரும் சிரித்தோம்.

"என் நிலம்மா. படிச்சுட்டு வைக்கிறேன்" என்றார் அவர்.

"படிங்க, நல்லாப் படிங்க. இவ்வளவு நேரம் படிச்சா தலைவரை நம்பலைன்னுதான் அர்த்தம். அதை அவர்கிட்ட நான் போய்ச் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?"

அவர் அன்றைக்கும் வைக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து சுற்றுப்பலகை அவர் வீட்டுக்குப் போவது நின்றது. அந்தப் பலகைதான் எங்கள் தெருவுக்கு நாக்கு. குப்பை எடுக்கும் நாள், சாக்கடை சுத்தம் செய்யும் நாள், திருவிழா, சாவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பலகையில் செருகி அனுப்புவார்கள். படித்துவிட்டு முத்திரை வைத்துப் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டும். செகிதோவின் வீட்டைத் தாண்டிக் கொடுங்கள் என்று சொன்னவள் மசுயோ. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சாக்கடை சுத்தம் செய்யும் நாள் தெரியாமல் அவர் வராமலிருந்தார். வராதவன் என்று அதற்கும் திட்டினோம்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் மனைவி இறந்துபோனாள். சாவுச் செய்தி பலகையில் ஏறவில்லை. நாலு பேர்தான் போனார்கள், அதில் ஒருவர் பிரேதப் பெட்டிக்காரர். எனக்குத் தகவல் வரவில்லை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் ஊதுவத்தி வாசனை வராமலா போகும்? நான்தான் போகவில்லை, அவ்வளவுதான். ஊரோடு ஒத்து வாழ் என்று இதற்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டோம்.

காரியம் முடிந்த மறுவாரம் செகிதோ தானாகவே மசுயோவின் கடைக்கு வந்து, கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே முத்திரை வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மசுயோ தெரு முழுக்கக் கொரோக்கேயைச் சும்மா கொடுத்தாள். நான் இரண்டு சாப்பிட்டேன். சூடாக, ருசியாகவே இருந்தது.

அதற்குப் பிறகு நில அளவை. அளப்பதற்கு முன்னால் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்களும் நகராட்சி ஆளும் எல்லைக் கல்லருகே சேர்ந்து நின்று, இதுதான் எல்லை என்று ஒப்புக்கொண்டு முத்திரை வைக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் இவகோஷி என் கடைக்கு வந்து, ஒரு மெத்தையைத் தடவிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மசுயோ கடை நிக்கிற இடத்துல அந்தக் காலத்துல கால்வாய் ஓடிச்சு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. உலகப் போர் முடிந்து திரும்பிய அவள் அப்பா கால்வாய் மேல் பலகை போட்டு அடுப்பு வைத்தார். பிறகு நகராட்சி கால்வாயை மூடிச் சிமெண்டு போட்டது, பலகைக் கடை சுவர்க் கடை ஆயிற்று. ஐம்பது வருஷத்தில் எல்லாரும் மறந்துபோனார்கள். மசுயோவே மறந்துபோனாள்.

"வரைபடத்துல அது இன்னும் கால்வாய்தான். நகராட்சி நிலம். அவங்க அதை உங்க பின்கட்டுக் கிடங்கு நிலத்தோட மாத்திக்கிடுவாங்க. மூலை உங்களுக்கு வந்துடும், ஹோசாகா-சான். ஒரு பங்கு குறைஞ்சா மத்தவங்களுக்கும் கொஞ்சம் கூடக் கிடைக்கும்."

"அக்காவுக்கு?"

"நாளைக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும்" என்றார். மெத்தை நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார்.

மறுநாள் தூறல். குடை பிடித்துக்கொண்டு நின்றோம். அளவைக்காரர் சிவப்புத் தலை ஆணியை என் கடைச் சுவரோரம் அடித்தார். ஆணிக்கு அந்தப் பக்கம் முழுவதும், மசுயோவின் அடுப்பு, பாத்திரம், பலகை எல்லாம் சேர்த்து, வரைபடத்தில் நீல நிறம். நீலம் என்றால் நீர்வழி. கண் வைத்துப் பார்த்தால் அரை நிமிஷத்தில் புரிந்துவிடும்.

நகராட்சி ஆளாக வந்திருந்த இளைஞனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "அம்மா, ஒரு தடவை பாத்துட்டு வைங்களேன்" என்றான்.

மசுயோ ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு தாளின் மேல் குனிந்தாள். கண்ணைச் சுருக்கினாள். அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து செகிதோவின் குரல் வந்தது.

"என்ன குருமாதானி-சான், படிக்கிறீங்களா, கோட்டுக்கு அளவெடுக்கிறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். இவகோஷி மட்டும் சிரிக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மசுயோவின் கழுத்து சிவந்துபோயிற்று. சட்டென்று நிமிர்ந்தாள்.

"எனக்கு எதுக்குப் படிப்பு? நான் தலைவரை நம்புறவ" என்றாள். முத்திரையின் மேல் ஹா என்று ஊதி, மையில் தொட்டு, அழுத்தி வைத்தாள். தெருவிலேயே அழகான முத்திரை அவளுடையதுதான், முழு வட்டமாக விழும். பிறகு நானும் வைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் அந்தத் தவளையைக் கவ்விக்கொண்டு போகக் காத்திருந்தவர்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

செகிதோவுக்கு அந்த நீலம் என்னவென்று தெரியும். எல்லாத் தாளையும் படிக்கிறவர் அவர் ஒருவர்தானே.

வசந்தத்தில் அவளுக்குக் கடிதம் வந்தது. நகராட்சி நிலத்தில் இருக்கும் கட்டடத்தை அகற்றிக்கொள்ள வேண்டும், ஈடு எதுவும் கிடையாது. அவள் அலுவலகத்துக்கு ஓடினாள், துணைக்கு என்னையே கூட்டிக்கொண்டு போனாள். அதே இளைஞன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"இத்தனை வருஷம் அங்கயே இருந்ததால எனக்குத்தான் சொந்தம்னு நீங்க வழக்குப் போட்டிருக்கலாம்மா. ஜெயிச்சும் இருக்கலாம். ஆனா அது நகராட்சி நிலம்னு நீங்களே ஒத்துக்கிட்டு முத்திரை வைச்சிருக்கீங்களே."

"தலைவர் சொன்னாரே" என்றாள் மசுயோ. அதையே மூன்று தடவை சொன்னாள்.

இவகோஷி அவளுக்கு முன்னால் இடுப்பு வளைய வணங்கி, தனக்கும் பெரிய அதிர்ச்சி என்றார். நிலம் இல்லாதவள் சங்கத்திலும் இல்லை என்று ஆயிற்று. அடுத்த வாரம் பலகை அவள் கடைக்கு வரவில்லை. பலகை சுற்றும் வரிசையில் அவளுக்கு முந்தின எதிர்ச்சாரித் தேநீர்க் கடையிலிருந்து நானே போய் வாங்கிக்கொண்டு அவள் வாசல் வழியாக நடந்தேன். அவள் எண்ணெயில் கரண்டி போட்டுக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து நாளில் கடையை இடித்தார்கள். சிமெண்டைப் பெயர்த்தபோது அடியில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டடம் எழும்பியது. மூலைக் கடையை நான் ஒரு மருந்துக் கடைக்கு விட்டுவிட்டுப் பதினோராம் மாடியில் குடியிருக்கிறேன். மெத்தை விற்கிற வயது போய்விட்டது. இவகோஷி போய்ச் சேர்ந்த பிறகு கட்டடச் சங்கத்துக்குத் தலைவரும் நானே.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் மசுயோ வந்தாள். ஊருக்கு வெளியே நகராட்சிக் குடியிருப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். கூன் விழுந்திருந்தது. கையில் ஒரு காகிதப் பொட்டலம், கொரோக்கேதான்.

"டேய் மெத்தை, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஆணி அடிச்சப்போ அந்தத் தாளை நீ பாத்தியாடா?"

"இல்லையே அக்கா" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. "நினைச்சேன். நீயும் என்னை மாதிரி முட்டாள்தான். இத்தனை வருஷமா அதை நினைச்சு நினைச்சுத் தூக்கம் கெட்டுச்சு. பாத்தும் சும்மா இருந்திருப்பானோன்னு." என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "சரி, எனக்கு ஒரு உதவி பண்ணு. மூலைக்கு வெளியில ஒரு மடக்கு மேசை போட்டுக்கிறேன். சனிக்கிழமை மட்டும், ரெண்டு மணி நேரம். வீட்லயே பொரிச்சு எடுத்துட்டு வந்துடுவேன், இங்க எண்ணெய்ச் சட்டியே வைக்க மாட்டேன். அந்த இடத்துல நின்னு வித்தாப் போதும்டா, வேற ஒண்ணும் வேணாம்."

நானே சரி என்றிருக்கலாம். தலைவன் சொன்னால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவள் வாரா வாரம் என் கண் முன்னால் நிற்பாளே என்ற நினைப்பு வந்தது. "பலகையில போட்டு எல்லாரையும் கேக்கணும் அக்கா, அதான் முறை" என்றேன்.

"முறைன்னா போடு. எல்லாம் நம்ம ஆளுங்கதானே?"

ஒரு தாளில் அவள் கோரிக்கையை எழுதி, கீழே சம்மதம் என்று ஒரு கட்டமும் மறுப்பு என்று ஒரு கட்டமும் போட்டேன். எங்கள் கட்டடத்தில் பலகை மூலைக் கடையின் சொந்தக்காரரிடமிருந்து கிளம்பும். முதல் முத்திரை எங்கே விழுகிறதோ அங்கேதான் மற்றதும் விழும் என்று எனக்குத் தெரியாதா?

எட்டு நாள் கழித்து அவள் பதில் கேட்க வந்தாள். முடியாதாம் அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். தாளைக் காட்டச் சொன்னாள். கொடுத்தேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். திரும்ப முதலிலிருந்து ஒரு தடவை படித்தாள். சம்மதக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"செகிதோவுது ரொம்ப நேரா விழுந்திருக்கு" என்றாள். "கண்ணாடி போட்டுக்கிட்டு வைச்சிருக்கார்."

பிறகு அவள் விரல் மறுப்புக் கட்டத்தின் முதல் இடத்துக்குப் போய் நின்றது. மேல் விளிம்பில் சில்லு உடைந்த வட்டத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டினாள்.

"இதை வைக்கறதுக்கு முன்னாடி தாளைப் படிச்சியாடா, மெத்தை?"

"படிச்சேன், அக்கா."

அவள் தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். "அப்ப அன்னைக்கும் படிச்சிருக்கே" என்றாள். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அவளுடைய பேருந்து அந்த மூலை மருந்துக் கடைக்கு நேர் எதிரில் நிற்கும், அது வர இருபது நிமிஷம் ஆயிற்று.