கொலைகாரன் யார் என்று தெரியாத என் வாசகர்கள்

ஐந்தருவியில் நடக்கும் ஒரு கொலையை வைத்துத் துப்பறியும் நாவல் எழுதி, மின்னூலாக வெளியிட்டிருந்தேன். மாதச் சந்தா கட்டியவர்கள் அதைப் படிக்கலாம். அவர்கள் வாசிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் எனக்குச் சில பைசா வரும். முன்பின் தெரியாத சிலர் தினமும் வாசித்து வந்தார்கள்.

அச்சன்புதூரில் ஒரு வளைகாப்பில், ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டான என் சித்தப்பாவிடம் இந்த விவரத்தைச் சொல்லித் தொலைத்தேன். பந்தி முடிந்ததும் அவர் எழுந்து நின்று உத்தரவே போட்டுவிட்டார்.

“முதல் மாசம் சந்தா இலவசமாம். எல்லாரும் நம்ம செல்வி புக்கை எடுங்க. வாசிக்கெல்லாம் வேண்டாம், கடைசிப் பக்கம் வரைக்கும் தள்ளிக்கிட்டே போங்க. நம்ம பிள்ளைக்கு நாமதான செய்யணும்!”

மண்டபமே தள்ளியது. எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான், தடுக்கவில்லை.

அடுத்த வாரமே நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. யாரும் வாசிக்காமல் பக்கங்கள் புரட்டப்பட்டதால் என் கணக்கை முடக்கிவிட்டார்களாம். நிஜமாக வாசித்தவர்களால் வந்த பணமும் போயிற்று. விளக்கக் கடிதம் எழுதி எழுதிக் கணக்கை மீட்பதற்குள் மூன்று மாதம் ஓடியது.

சித்தப்பாவிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

“நல்லதுக்குத்தான செஞ்சோம்? இதுக்குப் போயி இந்தக் கத்து கத்துதியே!”

“சரி, கொலை செஞ்சது யாருன்னாவது தெரியுமா சித்தப்பா?”

இத்தனை வருஷம் போலீஸில் இருந்தவர் திருதிருவென்று விழித்தார்.

இப்போது பக்கத்துக்குப் பைசா வரும் விஷயத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை. “உன் புக்கை முழுசா முடிச்சிட்டேன்” என்று யார் வந்தாலும், கொலைகாரன் யார் என்றுதான் முதலில் கேட்கிறேன். சொந்தத்தில் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

— செல்வி, தென்காசி