அடுத்த மூச்சு வரும்வரை

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, வாய்க்காலில் தண்ணீர் வராமல் குறுவைப் பயிர் கருகிக்கொண்டிருந்த ஓர் ஆவணி மாதத்தில் இது நடந்தது. கும்பகோணத்தில் ஓர் உறவினர் திருமணத்தை முடித்துக்கொண்டு நானும் என் மனைவியும் பேருந்தில் தஞ்சாவூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாபநாசம் தாண்டியதும் பேருந்து நின்றுவிட்டது. காவிரித் தண்ணீர் கேட்டுச் சாலை மறியல். கூலிக்காகவும் குத்தகைக்காகவும் ஒரு காலத்தில் எதிரெதிரே நின்ற நிலக்காரர்களும் தொழிலாளர்களும், காய்ந்த பயிரைக் கையில் பிடித்தபடி அன்று ஒன்றாகத் தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

என் மனைவி ஜன்னலில் தலை சாய்த்து உறங்கிப்போனாள். முந்தைய இரவு அவள் கண்ணை மூடவே இல்லை.

அது அவளுடைய வழக்கம். கல்யாண வீட்டில் கண் அசராதவள் என்று எங்கள் உறவில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. மற்றப் பெண்கள் மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து வரிசையாகப் படுத்துவிடுவார்கள். இவள் காய் நறுக்குகிறவர்களோடு உட்கார்ந்திருப்பாள். அல்லது சீர்வரிசைத் தட்டுகளுக்குக் காவல் இருப்பாள். அந்தப் பாராட்டுக்குப் பின்னால் இருந்த காரணம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவள் குறட்டை விடுவாள். மணமாகி வந்த புதிதில் யாரோ அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஆண் குறட்டை விட்டால் உழைத்த களைப்பு என்பார்கள். பெண் விட்டால் அது ஆண்டுக்கணக்கில் கேலி. அதன் பிறகு அன்றுவரை பிறர் முன்னிலையில் அவள் உறங்கியதே இல்லை.

காலையில் தலைவலி, மாத்திரைக்கு அடங்காத இரத்த அழுத்தம், மாலையில் கணுக்கால் வீக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவற்றைக் குறட்டையோடு சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. வீட்டில் அவளுடைய குறட்டை சட்டென்று நின்றால், இப்போதுதான் நன்றாக உறங்குகிறாள் என்று எண்ணிக்கொள்வேன். கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் நான்.

நின்றிருந்த பேருந்தில் அந்தக் குறட்டை எல்லார் காதிலும் விழுந்தது. முன்னிருக்கையில் கட்சிக் கரை வேட்டி கட்டிய ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"மேட்டூர் தெறக்கலன்னு ஏன்யா ரோட்டுல உக்காந்திருக்காங்க? இங்கயே மோட்டார் ஓடுதே. ஒரு குழாய சொருகுனா அஞ்சு மா நெலம் பாஞ்சிடும்."

பேருந்து முழுவதும் சிரித்தது. நான் அவளை எழுப்பக் கை நீட்டினேன். பின்னிருக்கையில் இருந்த ஓர் இளம்பெண் என் தோளைத் தொட்டுத் தடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம் எழுப்பாதீங்க. நான் தஞ்சாவூர்ல நெஞ்சு நோய் டாக்டர்." பிறகு கரை வேட்டிக்காரரிடம், குரலை உயர்த்தாமலே சொன்னார். "அண்ணே, அந்த மோட்டார் நின்னு நின்னு ஓடுது. கவனிச்சீங்களா?"

சிரிப்பு அடங்கியது. குறட்டை நின்றிருந்தது. என் மனைவியின் மார்பும் வயிறும் மேலும் கீழுமாகப் போராடின. ஆனால் மூக்கிலோ வாயிலோ காற்று போகவில்லை. உதடுகள் கருநீலமாகத் தொடங்கின. அத்தனை ஆண்டுகள் நான் நிம்மதி என்று நினைத்திருந்த அமைதியை அன்றுதான் முதன்முதலாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். மருத்துவர் அவள் தாடையைத் தூக்கிப் பிடித்தார். திணறலோடு ஒரு பெருமூச்சு வந்தது. கண் விழித்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவர் நாடியைப் பார்த்தார். "தாறுமாறா ஓடுது. உடனே ஆஸ்பத்திரி போகணும், சார்."

என் மனைவி சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. "குறட்டை விட்டேனா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். நெஞ்சு படபடக்கும்போதும் அவளுக்கு அதுதான் கவலை.

"நீங்க குறட்டை விடலம்மா," என்றார் மருத்துவர். "மூச்சுக்கு அல்லாடுறீங்க. அது நோவு. உங்க தப்பு இல்ல."

அதற்குள் கரை வேட்டிக்காரர் இறங்கிப் போய்விட்டார். ஜன்னல் வழியே மறியலில் இருந்தவர்களின் குரல் கேட்டது.

"தண்ணி கேட்டா போலீச அனுப்புறது ஒங்க ஆட்சி. இப்ப வழி கேட்டு நீரு வர்றீரா?"

"ஆட்சிய அப்பறம் திட்டுங்கய்யா, நானும் கூட உக்காந்து திட்டுறேன். உள்ள ஒரு அம்மா மூச்சு முட்டிக் கெடக்காங்க. நான்தான் கிண்டல் பண்ணேன். இந்தப் பாவத்த என் தலையில கட்டிடாதீங்க."

பிறகு சாலையில் இருந்தவர்கள் எழுந்து இரு பக்கமும் ஒதுங்கினார்கள். மறியலுக்கு ஆட்களை ஏற்றிவந்த வேன் ஒன்று எங்களுக்காகத் திருப்பப்பட்டது. வழி நெடுக மருத்துவர் அவள் மணிக்கட்டை விடவே இல்லை.

அன்று மாலை இதயத் துடிப்பு அடங்கி அவள் சற்றுத் தேறிய பிறகு, மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி எழுப்புகிறது. இதயம் திடுக்கிட்டு ஓடுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரவு முழுவதும் இதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது. பிராணவாயு குறையக் குறைய நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்க, அவற்றுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகிறது. கால் வீக்கமும் அதனால்தான்.

உறுதி செய்ய ஒரு சோதனை தேவைப்பட்டது. உடலில் கம்பிகளைப் பொருத்தி, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மருத்துவமனையில் உறங்க வேண்டும்.

"முன்ன பின்ன தெரியாதவங்க பாக்க நான் தூங்கணுமா? உசுரு போனாலும் சரி, அது மட்டும் வேணாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருத்துவர் வற்புறுத்தவில்லை. அவள் கூந்தலில் வாடியிருந்த கல்யாணப் பூவை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "பஸ்ஸு நெறைய ஜனத்துக்கு முன்னால தூங்கிட்டு, இனிமே என்னம்மா ரகசியம்?"

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சரி என்றாள்.

மூக்கில் கவசம் பொருத்திக் காற்றை மெல்ல அழுத்திச் செலுத்தும் கருவி ஒன்று வீட்டுக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு உறங்கி எழுந்த முதல் காலை, காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னங்க, தலை வலிக்கவே இல்ல," என்றாள். இழந்த பொருள் ஒன்று வீட்டிலேயே அகப்பட்டதுபோல் இருந்தது அந்தக் குரல். களைத்த இதயம் முழுவதுமாக மீளவில்லை. ஆனாலும் வீக்கம் வடிந்தது, இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. மின்வெட்டு மிகுந்த ஆண்டுகளில் விசிறி நின்றாலும் அந்தக் கருவி நிற்காதபடி பார்த்துக்கொள்வதே எனக்கு விருப்பமான வேலையாக இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து அவளுடைய தங்கை மகளுக்குத் திருமணம். கருவியை ஒரு பையில் போட்டு அவளே தூக்கி வந்தாள். மண்டபத்தில் மற்றப் பெண்களோடு ஜமக்காளத்தில் படுத்தாள். இது என்ன என்று கேட்டவர்களிடம், "என் மோட்டார்," என்றாளாம். மறுநாள் மேளம் தொடங்கியும் எழவில்லை. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று அவள் தங்கைதான் வந்து எழுப்ப வேண்டியிருந்தது. தலை கலைந்து, கன்னத்தில் ஜமக்காளக் கோடு பதிந்து, வெட்கமின்றி அவள் எழுந்து வந்த அந்த முகத்தை நான் மனத்தில் தனியே வைத்திருக்கிறேன்.

சென்ற மார்கழியில் காய்ச்சல் கண்டு, சில நாட்களில் அவள் போய்விட்டாள். கருவியைத் துடைத்து அந்த மருத்துவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு வெகுநேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இன்றும் பேருந்தில் யாரேனும் குறட்டை விட்டு, அது சட்டென்று நின்றுவிட்டால், கையிலுள்ள புத்தகத்தை மூடிவிட்டு, அவருடைய அடுத்த மூச்சு வரும்வரை நானும் மூச்சு விடாமல் காத்திருக்கிறேன்.