காய்ந்த மரத்தூள்

தண்ணீர்ப் பாட்டிலைக் கூண்டிலிருந்து உருவி, குழாய் முனையில் இருக்கும் இரும்புக் குண்டைச் சுண்டுவிரலால் ஒரு தட்டு தட்டுகிறார். சொட்டு விழுகிறது. நம்பவில்லை. இன்னொரு தட்டு. அதற்கும் விழுந்த பிறகுதான் பாட்டில் கூண்டுக்குத் திரும்புகிறது. அடுத்த கூண்டிலும் இதே கதை. ஆய்வுக்கூடத்து எலிகளுக்கெல்லாம் மருத்துவர் இவர்தான். 'எக்ஸ்ரே அம்மா' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் கூண்டு கழுவும் ஆட்கள். அது காதில் விழுந்ததும், யார் வைத்தது என்று நாள்கணக்கில் விசாரித்தாராம்.

பால் காய்ந்துவிட்டது என்று கணவர் சொன்னால் அடுப்பை ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மகள் தலைவலி என்றால் மாத்திரை எடுப்பதற்கு முன் "நாளைக்கு என்ன பரீட்சை?" என்பார். எலிகளுக்கும் சலுகை கிடையாது. துறுதுறுவென்று ஓடும் ஒன்றைத் தோளோடு பற்றித் தூக்கி, "என்னடா, நடிக்கிறியா?" என்று கண்ணைப் பார்ப்பார். "எலி இருக்கற வலிய மறைக்கும். மனுஷன் இல்லாத வலிய சொல்லுவான். எதை நம்பறது?"

இப்போது அவர் பொறுப்பில் இருப்பவை சிறுநீரகம் கெட்ட எலிகள். தானாக வந்த நோயல்ல, வரவழைத்தது. தீனியில் ஒரு பொடியைக் கலந்து கொடுத்தால் சில வாரங்களில் சிறுநீரகத்துக்குள் படிகங்கள் அடைத்துக்கொள்ளும். எலி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், குடித்ததையெல்லாம் பெய்துவிடும், படுக்கையாகப் போட்ட மரத்தூள் சொதசொதவென்று ஆகிவிடும். மனிதருக்கு வருடக்கணக்கில் நடப்பது எலிக்குச் சீக்கிரம் நடந்துவிடுவதால், புதிய மருந்துகளை முதலில் இங்கேதான் சோதிப்பார்கள். ஒரு அடுக்கு எலிகளுக்குப் பொடி கலந்த தீனி. எதிர் அடுக்குக்கு அதே தீனியில் மருந்தும் சேர்த்து.

எதிர் அடுக்கில் மரத்தூள் காய்ந்து கிடந்தது. ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தது. மருந்தைத் தயாரித்த இளம் ஆய்வாளருக்குத் தரையில் கால் பாவவில்லை.

வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தையாவது சந்தேகப்படாமல் இருக்க எக்ஸ்ரே அம்மாவுக்கு ஆசை வந்தது என்றால் அது இதுதான். அவருடைய தம்பி டயாலிசிஸில் இருக்கிறார். தம்பி மனைவி தன் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்து, பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. தம்பியின் இதயம் களைத்துக்கொண்டே வருகிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தம்பிதான் பிடி கொடுக்கவில்லை. "அவளை எதுக்கு அறுக்கணும்? அக்காவோட எலிங்க நல்லாத்தானே இருக்கு. மருந்து வரட்டும்."

காய்ந்த மரத்தூளைப் பற்றித் தம்பியிடம் சொல்லிவைத்தது அக்காதான். எலிக்குப் பலித்த மருந்து மனிதர் கைக்கு வர எத்தனை காலம் ஆகும், வந்தாலும் செத்துப்போன சிறுநீரகத்தை எழுப்புமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் தம்பி சிரித்தாரே என்று சும்மா இருந்துவிட்டார்.

எடை பார்த்த அன்றுதான் இடித்தது. மருந்து தின்ற எலிகளும் இளைத்துக்கொண்டு வந்தன.

"கிட்னி நல்லாயிருக்கு, ரத்தம் நல்லாயிருக்கு. அப்புறம் உடம்பு ஏன் தேறல?"

"மருந்தோட பக்கவிளைவா இருக்கும் மேடம்," என்றார் ஆய்வாளர்.

"ஒழுங்கா தின்னுதா?"

"தின்னுதே. நிறுத்துப் போடறோம், கிண்ணத்துல இருக்கற மிச்சத்தையும் நிறுத்துடறோம். ரெண்டு அடுக்கும் ஏறக்குறைய ஒண்ணாதான் தின்னுது."

முதல் சந்தேகம் கூண்டு கழுவுகிறவர் மேல் விழுந்தது. "மிச்சத்தை எங்கயாவது கொட்டிடறீங்களா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவைத்தார். மனிதர் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு வணக்கம்கூடச் சொல்வதில்லை.

வேறு வழியில்லாமல், எதிர் அடுக்குக் கூண்டு ஒன்றின் மரத்தூளைச் சல்லடையில் கொட்டிச் சலித்தார். தூள் இறங்க இறங்க, பழுப்பு நிறத் தீனித் துணுக்குகள் மேலே தங்கின. இந்த ஒரு கூண்டில் மட்டும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அடுத்ததைச் சலித்தார். அதிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். அப்படி ஒரு கசப்பு. மற்ற அடுக்கின் தீனியில் அந்தக் கசப்பு இல்லை.

மருந்தின் கசப்பு பிடிக்காமல் எலிகள் தீனியைக் கிண்ணத்திலிருந்து வாரி மரத்தூளுக்கடியில் புதைத்திருக்கின்றன. கிண்ணத்தில் இல்லாததெல்லாம் வயிற்றுக்குள் போனதாகக் கணக்கு. நோய் தரும் பொடியும் அதே தீனியில்தானே இருந்தது? மருந்து நோயைத் தடுக்கவில்லை. எலிகள் நோயைத் தின்னவே இல்லை. அரைப்பட்டினி கிடந்து இளைத்திருக்கின்றன, அவ்வளவுதான். சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு எக்ஸ்ரே அம்மா அழுதார்.

ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "கசக்கும்னு எனக்குத் தோணியிருக்கணும்," என்றார். பிறகு நிமிர்ந்து, "மருந்தை மட்டும் தனியா வாயில விட்டு, மறுபடி முதல்லேர்ந்து பண்ணலாம் மேடம். அப்ப நிஜமாவே பலிச்சாலும் பலிக்கும்."

"பலிக்கட்டும். என் தம்பி அதுவரைக்கும் காத்திருக்க முடியாது."

கூண்டு கழுவுகிறவரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்று மாலையே டயாலிசிஸ் அறைக்குப் போனார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, என் கூட்டாளிங்க எப்படி இருக்காங்க?"

"மருந்தைத் தின்னவே இல்லடா. தீனியைப் புதைச்சு வச்சு எங்களை ஏமாத்தியிருக்காங்க."

தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் அதே பார்வை.

"நிஜமாவா? இல்ல என்னை ஆபரேஷனுக்குத் தள்ளறதுக்கு நீயா கட்டிவிடறியா?"

எக்ஸ்ரே அம்மா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார். வராந்தாவில் காத்திருந்த தம்பி மனைவியைத் தோளைப் பற்றி அழைத்துவந்து அதில் உட்காரவைத்தார். பிறகு தம்பியின் ஊசி ஏறாத கையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.