புதுச்சேரியிலிருந்து வந்த பவளம்

புதுச்சேரியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பல வருடமாக வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கமாகி, எங்களுக்கும் டீச்சர் ஆகிவிட்டவர். மகனோடு பெங்களூருக்குக் குடிபோவது முடிவானதும், தன்னிடமிருந்த தோல் பவளத்தை எங்களுக்குத் தருவதாகச் சொன்னார். காளான் குடை மாதிரி விரிந்து, மேலெல்லாம் சின்ன விரல்கள் அசையும் மென்பவளம் அது. விருத்தாசலத்தில் எங்கள் தொட்டியில் அதுவரை மீன்கள் மட்டும்தான்.

தெர்மாகோல் பெட்டியில் வைத்து பஸ்ஸில் அனுப்பினார். பண்ருட்டி தாண்டி பஸ் பழுதாகி நின்றுவிட்டது. சித்திரை வெயில். காலையில் வரவேண்டிய பெட்டி பொழுது சாயும்போதுதான் கைக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் குப்பென்று அழுகல் நாற்றம். பை கசிந்து, மிச்சத் தண்ணீரில் பவளம் கூழாகக் கிடந்தது.

"செத்துப் போச்சுங்க," என்றாள் மனைவி.

அடிப்பக்கத்தை அழுத்திப் பார்த்தேன். ஒரு ஓரம் மட்டும் கெட்டியாக இருந்தது. "கொஞ்சம் உசுரு இருக்குது."

பீங்கான் பொம்மைகளின் விளிம்பு சீவும் கத்தி என் வேலைப் பையில் இருந்தது. அதைக் கழுவி, கறுத்த சதையெல்லாம் வெட்டினேன். எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் மிஞ்சியது. அயோடின் கலந்த கடல்நீரில் அதை முக்கி மெல்ல ஆட்டியபோது, அடிமடிப்பிலிருந்து ஏதோ உதிர்ந்தது. மனைவி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். ஓடில்லாத நத்தைப் பூச்சிகள், பவளத்தின் நிறத்திலேயே. அவை இருந்த இடமெல்லாம் குழி குழியாகத் தின்னப்பட்டிருந்தது.

வெயில் மட்டும் கெடுக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மடிப்புகளில் அவை இட்டிருந்த முட்டைகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தோம். பவளத்தை மெருகு பூசாத பீங்கான் துண்டில் நூலால் கட்டி, தனி வாளியில் வைத்தோம்.

டீச்சர் போன் செய்தார். மனைவி மறைக்கவில்லை, பூச்சியையும் சொன்னாள்.

"அப்ப எங்கிட்ட இருக்கும்போதே தின்னுக்கிட்டு இருந்திருக்குது. ரெண்டு மாசமா சுருங்கியே கெடந்துச்சும்மா. வயசாயிடுச்சு போலன்னு நெனச்சேன். திருப்பிப் பாக்கத் தோணல."

"கண்ணுக்கே தெரியாதுங்க டீச்சர். எங்களுக்கும் வெளியில வந்து வுழுந்ததாலதான் தெரிஞ்சுது."

"தெனமும் அது முன்னாலதானம்மா ஒக்காந்திருந்தேன்," என்றார்.

தப்பிய முட்டைகள் பொரிந்து பூச்சிகள் வந்துகொண்டே இருந்தன. மறுபடி மறுபடி அயோடின் குளியல், மறுபடி பிரஷ். மின்சாரம் போய் காற்று மோட்டார் நின்றால் மனைவி குவளையால் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டே இருப்பாள். மழைக்காலம் வந்தபோது பூச்சி ஒழிந்து, அந்தத் துண்டைப் பெரிய தொட்டிக்கு மாற்றினோம். ஒரு காலையில் விரல்கள் எல்லாம் நீட்டி விரிந்திருந்தன. மனைவி உடனே வீடியோ எடுத்து டீச்சருக்கு அனுப்பினாள்.

தை மாதம் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போகும் வழியில் டீச்சர் மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தொட்டி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீ ஆறிப்போனது.

"இன்னுங் கொஞ்சம் வளரட்டும் டீச்சர். ஒரு துண்டு வெட்டித் தரோம்," என்றாள் மனைவி.

"அங்க தொட்டி வெக்க எடமில்லம்மா." கண்ணாடியில் விரல்களை அகல விரித்து வைத்தார். "இவ்ளோ அகலம் இருந்துச்சு. ஒங்க வூட்டுக்கு அப்படியே வந்திருக்கணும்."

மகன் வாசலில் காரைக் கிளப்பினார். டீச்சர் எழுந்து தொட்டி முன்னாலேயே நின்று புடவையைச் சரிசெய்துகொண்டு, "போயிட்டு வரேன்," என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.