மாமாவுக்கு நான் போட்ட மார்க்

எங்கள் தெருவில் விமானம் ஓட்டத் தெரிந்தவர் என் மாமா ஒருவர்தான். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டுப் பக்கம் அப்போதெல்லாம் வானத்தில் விமானம் தெரிவதே அபூர்வம். தப்பித் தவறி ஒன்று மலைக்கு மேலே கோடு போட்டுக்கொண்டு போனால், எங்கள் மில்லில் மாவரைக்க வந்த பெண்கள் வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, அது உங்கள் தம்பிதானா என்று அம்மாவிடம் கேட்பார்கள். அம்மா இல்லை என்று சொல்லமாட்டாள். இருக்கும் என்பாள்.

உண்மையில் மாமா ஓட்டியது இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். பெங்களூரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் அவர் ஆசிரியர். பக்கத்து இருக்கையில் ஒரு மாணவனை உட்காரவைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஏறி இறங்குவார். எஞ்சின் முகத்துக்கு நேரே இருக்குமாம். அப்பாவின் மாவு மில்லைவிட அதன் சத்தம் பெரியது என்று ஒருமுறை சொல்லிவிட்டார். தன் மில்லைவிடச் சத்தமான இடம் உலகத்தில் கிடையாது என்று அதுவரை நம்பியிருந்த அப்பாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் மாமா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். ஒரு வாரம் லீவு என்றார். அம்மா ஆட்டுக்கறி எடுக்க ஆள் அனுப்பினாள். மாமாவோ சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்கு ஒரு பரீட்சை வரப்போகிறது, நான்தான் டீச்சராக இருந்து பழக்கிவிட வேண்டும் என்றார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், வீணாகக் கவலைப்படுவாள் என்றும் சொன்னார்.

விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அவ்வப்போது உடம்புப் பரிசோதனை உண்டு. அதுவரை காதைச் சோதிக்க டாக்டர் கொஞ்சம் தள்ளி நின்று மெதுவாக ஏதாவது சொல்வார், மாமா திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். இந்த முறை புதிதாக ஒன்று வைக்கப்போகிறார்கள். காதில் ஹெட்ஃபோனை மாட்டி எஞ்சின் சத்தத்தை ஓடவிடுவார்கள். அதற்கு நடுவே, ரேடியோவில் கேட்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக வரும். கேட்டதை எழுத வேண்டும். தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"கீழ இருந்து ஒருத்தர் நைன்னு சொல்லுவாரு. எனக்கு அது ஃபைவ்னு விழுந்துச்சுன்னா, இன்னொரு பிளேன் வர்ற எடத்துல போயி நான் நிப்பேன். பக்கத்துல பையன் வேற இருப்பான்" என்றார்.

எங்கள் வீட்டின் முன்பக்கமே மில். மோட்டாரும் பெல்ட்டும் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மாமாவுக்கு அந்தச் சத்தம்தான் வேண்டியிருந்தது. ஆனால் அவருக்காகச் சும்மா மிஷினை ஓட்ட அப்பா சம்மதிக்கவில்லை, கல் தேய்ந்துவிடும் என்றார். அதனால் யாராவது கேழ்வரகோ கம்போ கொண்டுவரும் வரை காத்திருந்து, அரைத்து முடிவதற்குள் பரீட்சையை நடத்தினோம். அம்மாவிடம் அது ஏதோ விளையாட்டு என்று சொல்லிவைத்தோம்.

முதல் நாள் அவர் ஆங்கிலச் சொற்களை டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். அது சரிப்படவில்லை. பேன், ஃபேன் இரண்டுமே என் வாயில் ஒன்றாகத்தான் வந்தன. தப்பு என் நாக்கிலா அவர் காதிலா என்று தீர்மானிக்க முடியாததால் தமிழுக்கு மாறினோம். சொற்களை நானே யோசித்து நோட்டில் எழுத வேண்டும், அவர் பார்க்கக் கூடாது. நான் முதலில் திருவண்ணாமலை என்று எழுதினேன். அவ்வளவு நீளம் இருந்தால் பாதி கேட்டாலே கண்டுபிடித்துவிடலாம், சின்னதாக, ஒன்றுபோல் ஒன்று இருக்கிற மாதிரி எழுது என்றார். கல், பல், நெல், புல், வில், சொல் என்று இருபத்தைந்து எழுதினேன். கால், பால், தோல், நூல் எல்லாம் அதில் இருந்தன.

மாமா சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொள்வார். நான் பத்தடி தள்ளி மிஷின் ஓரமாக நின்று ஒவ்வொன்றாகக் கத்துவேன். அவர் ஒரு தாளில் எழுதுவார். மாவுக்காகக் காத்திருந்த பெண்களுக்கு இது நல்ல பொழுதுபோக்காக இருந்தது. அடி அண்ணாமலையிலிருந்து வரும் ஓர் அம்மாள், மாமா பல்லைக் கல் என்று எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா பல்லுனு சொல்லுது, எனக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்கலிங்களா?" என்று கேட்டாள். மாமா சிரித்தார்.

ஆனாலும் நாளுக்கு நாள் முன்னேற்றம் தெரிந்தது. முதல் நாள் பதினாறு. மூன்றாம் நாள் இருபது. நான்காம் நாள் இருபத்திரண்டு. என் சொல்லிக்கொடுக்கும் திறமைதான் காரணம் என்று எனக்குப் பெருமை. மாமாவும் அன்று கடைத்தெருவுக்குப் போய் எனக்கு ரிப்பன் வாங்கி வந்தார்.

ஐந்தாம் நாள் அப்பா மிஷினுக்குத் தானியத்தைத் தள்ளிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா மில்லில் பதினைந்து வருஷமாக நிற்பவர். வீட்டில் யாராவது முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். மில்லில் மட்டும், எத்தனை சத்தத்திலும், யார் என்ன அரைக்கக் கேட்டாலும் சரியாகப் புரிந்துகொள்வார். அரைப்பு முடிந்து மிஷின் நின்றதும் மாமாவிடம் வந்தார்.

"நீ காதால கேக்கல மச்சான். பாப்பா வாயப் பாத்து எழுதுற. பதினஞ்சு வருஷமா நான் பண்றது அதான், எனக்குத் தெரியாதா?" என்றார். சற்றுப் பொறுத்து, "ரேடியோவுல வாய் தெரியுமா?" என்று கேட்டார்.

மாமா கையிலிருந்த தாளை மடித்தார், பிரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, புதிதாக இருபத்தைந்து சொல் எழுதச் சொன்னார். அடுத்து வந்தது ஒரு பெரிய மூட்டைக் கம்பு. மிஷின் ஓடத் தொடங்கியதும், "சுவத்தப் பாத்து நின்னு சொல்லும்மா" என்றார்.

சுவரைப் பார்த்துக்கொண்டு, தொண்டை வலிக்கிற அளவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். முடித்துத் திரும்பியபோது மாமா தாளை என்னிடம் நீட்டினார். நான் அதை நோட்டில் பட்டியலுக்கு எதிரே வைத்துக்கொண்டு, மில்லின் மூலையில் குந்தித் திருத்த ஆரம்பித்தேன். மண் என்று நான் சொன்னது கண் ஆகியிருந்தது. தேன், மீன் ஆகியிருந்தது. சில இடங்களில் வெறும் கோடுதான். ஒன்பதுதான் சரி.

நிமிர்ந்து பார்த்தேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை நான் பெரியவர்கள் யாரும் அப்படிப் பார்த்துப் பார்த்ததில்லை. எங்கள் வகுப்பில் பரீட்சைத் தாள் கொடுக்கும்போது கடைசி பெஞ்சுப் பெண்கள் டீச்சரைப் பார்ப்பது மாதிரி இருந்தது. நான் பென்சிலை எடுத்து வரிசையாக டிக் போட்டேன். எல்லாம் சரி என்றால் நம்பமாட்டார் என்று ஐந்தை மட்டும் தப்பாக விட்டேன். கீழே இருபது என்று எழுதி வட்டம் போட்டேன்.

மிஷின் நின்றிருந்தது. நோட்டைத் தாளோடு சேர்த்து அவரிடம் கொடுத்தேன். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"நீயே திருத்துனியா?"

"ஆமா மாமா. அஞ்சுதான் தப்பு."

அவர் என் தலையில் கைவைத்தார். கையில் கம்பு மாவு ஒட்டியிருந்தது. "நல்லாத் திருத்திருக்க" என்று சொல்லி நோட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டார். லீவில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. ஆனாலும் மறுநாள் காலை பெங்களூர் பஸ் ஏறிவிட்டார்.

பதினைந்து நாள் கழித்து அம்மாவுக்குக் கடிதம் வந்தது. பரீட்சை வைப்பதற்கு முன்னாலேயே மாமா அதிகாரியிடம் போய், எனக்குக் காது சரியில்லை, இனி ஓட்டமாட்டேன் என்று தானே சொல்லிவிட்டாராம். வகுப்பில் பாடம் எடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள், சம்பளம் கொஞ்சம் கம்மி, நீ கவலைப்படாதே என்று எழுதியிருந்தார். அம்மா இரண்டு நாள் அழுதாள். அதற்குப் பிறகும் மலைக்கு மேலே எப்போதாவது விமானம் போனது, பெண்களும் கேட்டார்கள். அம்மா இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

எனக்கு மாமாவின் மேல் கோபம். இருபது மார்க் வாங்கிக் கொடுத்து அனுப்பியும் பரீட்சையே எழுதாமல் பயந்துகொண்டு விட்டுவிட்டாரே என்று ஒரு வருஷத்துக்கும் மேல் மனதில் வைத்திருந்தேன். அவர் அடுத்த முறை வந்தபோது முகம்கொடுத்துப் பேசவில்லை. அவரும் காரணம் கேட்கவில்லை.

நோட்டில் இடப்பக்கம் நான் எழுதிய சொற்கள் இருந்தன, அதற்கு எதிரிலேயே அவர் எழுதிய தாள் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்தப் பத்து வயதில் இது எனக்குத் தோன்றவே இல்லை.