மாடி வீட்டில் இருந்த நாற்பத்தெட்டு எண்கள்

என் லேப்டாப்புக்கு இரண்டு பூட்டு. உள்ளே இருக்கும் டிஸ்க் முழுவதும் பூட்டியே கிடக்கும். கிளவுடுக்குப் போகும் நகலையும் பூட்டித்தான் அனுப்புவேன். வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டது. இவ்வளவு காபந்து எதற்கென்றால், உள்ளே இருப்பது நான் பதிவு செய்துவைத்த திருவொற்றியூர் ஜனங்களின் பேச்சு. மீன் விற்கும் மாடி வீட்டு அக்கா, புருஷனை விட்டு வந்த கதையை ஒருநாள் முழுக்கச் சொல்லிவிட்டு, "இத்த எவன் காதுலயும் போடாத நைனா. எனக்கப்புறம் எம்பொண்ணு கைல மட்டும் குடு" என்றிருந்தார்.

உப்புக் காற்று லேப்டாப் போர்டை அரித்துவிட்டது. மெக்கானிக் புது போர்டு போட்டார். ஆன் செய்தால் நீலத் திரை, போர்டு மாறியிருக்கிறது, டிஸ்க்கைத் திறக்க நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண் எங்கே என்றது. எண் கிளவுடில். கிளவுட் பாஸ்வேர்டு லேப்டாப்புக்குள்.

மெக்கானிக் சிரித்தார். "சாவிய உள்ள வெச்சி கதவ சாத்திகினியே மாமு!"

எண்ணைத் தாளிலும் எழுதிய ஞாபகம். பீரோ, பரண் எல்லாம் கவிழ்த்தேன். மனைவிதான், "மழைப் பையில போட்டியான்னு பாரு" என்றாள். எங்கள் தெருவில் மழைக்கு முன்பே கீழ்வீட்டுக்காரர்கள் ரேஷன் கார்டு, சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி மாடியில் கொடுத்துவிடுவோம். மழை போய் மாதங்களாகியும் எங்கள் பை அக்கா வீட்டிலேயே இருந்தது. அக்காவோ காசிமேடு மீன் மார்க்கெட்டில். கதவில் பூட்டு. ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன்.

மதியம் காலிக் கூடையோடு வந்தார். "இன்னா நைனா, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திகினு கீற?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. "அப்ப எங்கதை?"

"தாள் கிடைச்சா இருக்குக்கா."

பையைப் பிரித்தோம். ரேஷன் கார்டுக்கு அடியில் மடித்த தாள். அவர் எண்ணெண்ணாகப் படிக்க நான் தட்டினேன். நடுவில் நின்றார். "இது மூணா, எட்டா? டாக்டர் சீட்டு மாரி கிறுக்கி வெச்சிகீற."

எட்டு என்றேன். தவறு என்றது திரை. மூன்றைப் போட்டேன். திறந்துகொண்டது.

"போட்டுக் காட்டவா அக்கா?"

"வேணா. கீதில்ல, அது போதும்."

தாளுக்குக் கை நீட்டினேன். அவர் மடித்துத் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். "இது என்னாண்டயே இருக்கட்டும். ரெண்டு பூட்டு போட்டும் நீ பேஜாரு."

வாங்கி, கிளவுட் பாஸ்வேர்டையும் பின்பக்கம் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். இப்போது அவர் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், மாடிக் கதவைப் பூட்டும் சத்தம் கேட்கும்வரை எனக்கு டீ இறங்குவதில்லை.